கைப்பராவில் லியோனி கட்டிய முடிச்சு

லியோனி ஸேடோவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு சிலந்திக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஆக்லாந்து துறைமுகத்தில் அவளுடைய படகு வீடு இரண்டு துண்டாகக் கிடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்து இறங்கியிருந்தது. சோதனை செய்தவர்கள் தரைக்கு அடியில் ஒரு செம்முதுகுச் சிலந்தியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மொத்தப் படகுக்கும் மருந்துப் புகை போடாமல் வெளியே விட முடியாது என்றார்கள்.

"அது செத்து எத்தனையோ நாளாச்சு. பாத்தாலே தெரியலையா உங்களுக்கு?" என்று கத்தினாள்.

"சிலந்தி செத்துடுச்சு அம்மா. முட்டை சாகலையே?" என்றார் அந்த அதிகாரி.

அவர் சொன்னது நியாயம். அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும் இன்னும் கொஞ்ச நேரம் கத்திவிட்டுத்தான் ஓய்ந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். பொதுவாக எனக்கு ஆஸ்திரேலியாக்காரர்களைக் கண்டால் ஆகாது. கிரிக்கெட்டில் எங்கள் நியூசிலாந்துக்கு எதிராகக் கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டு ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்கிற கூட்டம்.

என் பெயர் நெவில். கைப்பரா வளைகுடா ஓரத்தில் படகு பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறேன். அந்த இரண்டு துண்டையும் லாரியில் ஏற்றி வந்து, என் பட்டறையில் வைத்துப் பொருத்திக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தேன்.

லியோனியின் ஊர் மேனம். தெற்கு ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே படகு வீடு வாடகைக்கு விடுவதுதான் அவர்கள் குடும்பத் தொழில். அப்பா போனபின் அண்ணன் கிரேம் முதலாளி ஆனான். லியோனி கழிப்பறை கழுவினாள், மெத்தை உறை மாற்றினாள், வாடிக்கையாளர்கள் கோணல்மாணலாகக் கட்டிவிட்டுப் போன படகுகளை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். முப்பது வருஷம் இதே வேலை. எந்தப் படகை விற்பது, எதை வாங்குவது என்று ஒருநாளும் அவளை யாரும் கேட்டதில்லை. கடைசியில் ஒருநாள், தன் பங்குக்கு ஒரு படகைக் கொடு, நியூசிலாந்தில் கொண்டுபோய் விற்கிறேன், அங்கேயே கடை போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கிரேம் சிரித்தானாம். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி திரும்பி வந்துடுவ. உன் சாவிய அதே ஆணியிலயே மாட்டி வெக்கிறேன்."

இதை அவள் என்னிடம் சொன்னபோது கையில் ஸ்பேனர் இருந்தது. எனக்கு அடிபடவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் யாரும் அந்தப் படகைச் சீண்டவில்லை. வந்து பார்ப்பார்கள், கன்னத்தைச் சொறிவார்கள், "மிதக்குற கேரவன் மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கூடவே எல்லாரும் இன்னொன்றும் சொன்னார்கள்: ஆன்ட்டி நைரீ வாங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

நைரீ பரோனே சிப்பிப் பண்ணை வைத்திருப்பவர். இந்தக் கரையில் பாதிப் பேருக்கு அவர் உறவு, மீதிப் பேருக்கு அவர் முதலாளி. எல்லாருக்கும் ஆன்ட்டி. சிப்பி வளரும் இடம் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. வேலையாட்கள் தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துப் போய், தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பியாக வேண்டும். அங்கேயே தங்க ஒரு படகு வீடு இருந்தால் அவருக்கு நல்லதுதான். அவர் வாங்கினால் வளைகுடா முழுக்க வாங்கும். அவர் வேண்டாமென்றால் லியோனி மூட்டை கட்ட வேண்டியதுதான், அந்த ஆணிக்கும் அந்தச் சாவிக்கும்.

ஒரு சனிக்கிழமை, ஆன்ட்டி வீட்டுத் துறைக்குப் படகைக் கொண்டுபோய்க் காட்டுவதாக ஏற்பாடு. அங்கே கிளிஞ்சல் குவிந்த மேட்டுக் கரை ஒன்று இருக்கிறது. கரையில் இரண்டு பெரிய மரங்கள். கிளிஞ்சல் மேடு முடிகிற இடத்தில் வாய்க்கால் சட்டென்று ஆழமாகும். நண்பகலில் தண்ணீர் முழுசாக ஏறியிருந்தபோது லியோனி படகை நேராகக் கரைக்கு விட்டு, மூக்கை மேட்டில் ஏற்றினாள். பின்புறம் இரண்டு மூலையிலிருந்தும் கயிறு இழுத்து மரங்களில் கட்டினாள். கட்டினாள் என்றால் எப்படி! ஒரு காலை மரத்தில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, வீணைத் தந்தி மாதிரி விறைக்கும்வரை இழுத்தாள். மர்ரே ஆற்றில் அப்படித்தான் கட்ட வேண்டும். அங்கே தண்ணீர் ஏறாது, இறங்காது. மதகு போட்டு நிறுத்தி வைத்த ஆறு. கயிறு தளர்ந்திருந்தால் போகிற வருகிற படகுகளின் அலையில் இடித்துக்கொண்டே கிடக்கும்.

அவளுக்குக் கடல் தண்ணீர் இறங்கும் என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். அதிகம் இறங்குவதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று காலையிலேயே என்னிடம் சொன்னாள். ஆனால் ஆன்ட்டி வீட்டில் புதுப் படகு என்றால் சும்மா ஏறிப் பார்த்துவிட்டு இறங்க முடியாது. எல்லாரும் படகுக்குள்ளேயே கூடினார்கள்; முதலில் பெரியவர் ஒருவர் ஜெபம் சொன்னார். பிறகு ஆன்ட்டியின் கணவர் தமாட்டி பேசினார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஊன்றுகோலில் வந்திருந்தாலும் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் எல்லாரும் எழுந்து பாடினார்கள். அப்புறம் சாப்பாடு வந்தது. கீரை போட்டு வேகவைத்த பன்றிக்கறி, எண்ணெயில் பொரித்த ரொட்டி, பெரிய பாவ்லோவா கேக்.

"பாவ்லோவா எங்க ஆஸ்திரேலியாப் பண்டம்னு மட்டும் சொல்லிடாத லியோனி, அப்புறம் படகு வியாபாரம் இல்ல" என்று ஆன்ட்டி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். லியோனியும் சிரித்தாள். அவள் கண் மட்டும் ஜன்னலிலேயே இருந்தது. எழுந்து போனால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று உட்கார்ந்தே இருந்தாள்.

இதெல்லாம் நான் பின்னால் கேள்விப்பட்டது; அப்போது என் சின்ன எஞ்சின் படகில் எதிர்க்கரையில் ஒரு வேலையாக இருந்தேன். திரும்பிப் பார்த்தேன். லியோனியின் படகு மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் இறங்க இறங்கப் பின்பக்கமும் கூடவே இறங்கிவிட்டது. மூக்கு மேட்டில் மாட்டிக்கொண்டது. அந்த இரண்டு கயிறும் அதை நகரவிடாமல் பிடித்திருந்தன. நான் எஞ்சினை முழு வேகத்தில் முறுக்கினேன்.

நான் பின்பக்கம் வழியாக ஏறும்போது தண்ணீர் கதவின் வாசற்படியைத் தொட்டுவிட்டது. பெரும்பாலானவர்கள் மூக்கு வழியாகக் கரையில் குதித்திருந்தார்கள். உள்ளே மேசை, நாற்காலி, பன்றிக்கறி, பாவ்லோவா எல்லாம் சரிந்து பின்சுவரில் குவிந்திருந்தன. அந்தக் குவியலுக்கு நடுவில் தமாட்டி சிக்கியிருந்தார். ஊன்றுகோல் எங்கோ போய்விட்டது. ஆன்ட்டி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தார்.

"நீ எறங்கிப் போ" என்றார் தமாட்டி.

"வாய மூடு" என்றார் ஆன்ட்டி.

லியோனி பின்மூலையில் கயிற்றின் படகுப் பக்கத்து முடிச்சோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். அது அவிழவில்லை. எப்படி அவிழும்? முப்பது வருஷம் பழகிய கை போட்ட முடிச்சு, அதில் ஒரு வீட்டின் கனம் வேறு தொங்குகிறது. கயிறு கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது.

"நெவ், கத்தி வெச்சிருக்கியா?"

"இருக்கு. வேணாம் லியோனி. கரையில இருக்கிறவங்கள வரச்சொல்லித் தமாட்டியத் தூக்கிடலாம்."

"இந்தச் சரிவுல, இந்த எண்ணெய் வழியுற தரையில அவரத் தூக்குவியா? அந்தக் காலோட? இன்னும் கொஞ்சம் எறங்கினா ஒரு கயிறு தானா அறுந்துரும். ஒண்ணு மட்டும் அறுந்தா படகு திரும்பி ஒருக்களிச்சுப் படுத்துரும். ரெண்டையும் ஒண்ணா வெட்டணும். நீ அந்தப் பக்கம் போ."

"வெட்டினா என்ன ஆகும்?"

"வழுக்கிப் பின்னால போகும். தண்ணி உள்ள வரும். அப்புறம் மிதக்கும்."

"மிதக்குமா?"

அவள் சமையல் பகுதியிலிருந்து ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்து வந்தாள். ஆன்ட்டியைப் பார்த்து, "ஆன்ட்டி, அவரக் கெட்டியாப் புடிச்சுக்கங்க. தப்பு என்னோடது. வெட்டப் போறேன்" என்றாள்.

ஆன்ட்டி அவளை ஒரு கணம் பார்த்தார். "பேசிட்டே நிக்காத. வெட்டு."

லியோனி கரையைப் பார்த்து அடித்தொண்டையில் அலறினாள். "மரத்துக்கிட்ட யாரும் நிக்காதீங்க! பின்னால போங்க! இன்னும் பின்னால!" அறுந்த கயிறு துள்ளி வந்து ஆளை அடித்தால் எலும்பு மிஞ்சாது. எல்லாரும் விலகிவிட்டார்கள் என்று பார்த்த பிறகுதான் என் பக்கம் தலையசைத்தாள்.

வெட்டினோம். இரண்டு கயிறும் வெடிச் சத்தத்தோடு கரைக்குப் பறந்தன. படகு கிளிஞ்சலை அரைத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தது. கதவு வழியாகத் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. பின்பகுதி இன்னும் முங்கியது, இன்னும், அவ்வளவுதான் முடிந்தது என்று நினைத்தேன். பிறகு மூக்கு பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. பின்பக்கம் மெதுவாக எழும்பி வந்தது. படகு சமமாக நின்றது, இரண்டு தடவை ஆடியது. மிதந்தது.

எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டதால் கிளம்பவில்லை. வற்றுகிற நீர் எங்களை வாய்க்காலோடு இழுத்துப்போய் ஒரு சேற்றுத் திட்டில் உட்கார வைத்தது. மேசையில் முட்டை வைத்தால் உருளாது, அவ்வளவு சமமாக உட்கார்ந்தது. சுற்றிலும் சேறு. தண்ணீர் திரும்பி ஏறும்வரை யாரும் எங்கேயும் போக முடியாது.

தமாட்டியைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தோம். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. "என் பாவ்லோவா எங்க?" என்று கேட்டார். ஆன்ட்டி அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டார். லியோனி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். மறைக்கவே இல்லை.

"நீங்க எல்லாம் இந்தக் கரையிலயே பொறந்தவங்க. தண்ணி எறங்குறதப் பாத்தீங்கதானே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"நீ வேணும்னேதான் தரையில உக்கார வெக்கிறேன்னு நெனச்சோம். இங்க பாதிப் படகு அப்படித்தானே நிக்குது. தட்டையான அடி, ஒக்காந்து காட்டப் போறா போலன்னு என் தம்பிகூடச் சொன்னான்" என்றார் ஆன்ட்டி. "நீ ஏன் எந்திரிச்சுப் போகல?"

"உங்க பேச்சு நடக்குறப்ப எப்படி எந்திரிக்கிறது?"

"படகப் பாக்க எந்திரிச்சா இங்க யாருக்கும் கோவம் வராது பொண்ணே."

வெளியே நண்டுகள் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தன. லியோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் படகைத் திருப்பிக் கொண்டுபோய்விடுவதாகவும், முடிந்தால் அடிபடாத வேறொன்றை வரவழைத்துத் தருவதாகவும் சொன்னாள். முடியாது என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். வேறு படகு அவளிடம் ஏது?

"வேற எதுக்கு?" என்றார் ஆன்ட்டி. "அது எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்? இது சாஞ்சு, முங்கி, எந்திரிச்சதக் கண்ணால பாத்தேன். இதையே குடு. ஆனா கயித்த என் தம்பி கட்டுவான். நீ பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கோ."

லியோனி கற்றுக்கொண்டாள். இன்று இந்த வளைகுடாவில் அவள் விற்ற படகு வீடுகள் நிறைய நிற்கின்றன. ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கட்டியபின் ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் பார்க்காமல் அவள் வீட்டுக்கு வருவதில்லை. கயிறு தொய்வாக, ஏறவும் இறங்கவும் இடம் விட்டுத் தொங்கும்.

போன வருஷம் கிரேமின் பிறந்தநாளுக்கு மேனம் போய் வந்தாள். பத்து நாள் இருக்கப் போனவள் நாலாம் நாளே வந்து நின்றாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். அண்ணன் நல்லபடியாகத்தான் கவனித்துக்கொண்டானாம். சாவியும் அதே ஆணியில்தான் தொங்கியதாம். விருந்து அன்று ஒரு படகைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவளும் கட்டியிருக்கிறாள். பின்னாலேயே வந்த கிரேம் கயிற்றைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சிரித்தானாம்.

"இத எந்த வெளியூர்க்காரன் கட்டினான், துணி காயப்போடவா?"

"நான் வாயத் தொறக்கல நெவ்" என்றாள் லியோனி. "அவன் அவுத்து இறுக்கிக் கட்டினான். நான் பாத்துட்டே நின்னேன். தண்ணி எப்ப எறங்குமோன்னு எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமே வரல. அந்த ஆத்துல தண்ணி எறங்காதுன்னு எனக்குத் தெரியாதா?"