பூங்கோதையின் சுண்டுவிரல்

சதை கருகும் வாடை முதலில் எட்டியது வீட்டுக்கார அம்மாளுக்குத்தான். ரொட்டி தீய்கிறதென்று நினைத்து அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். ரொட்டி ஒழுங்காக உப்பிக்கொண்டிருந்தது. தவாவின் விளிம்பில் பொசுங்கிக்கொண்டிருந்தது பூங்கோதையின் வலது கைச் சுண்டுவிரல். அவளோ அடுத்த உருண்டையை எடுக்க இடது கையை நீட்டியபடி, வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு நின்றாள்.

"அரே! விரலைப் பாருடி, விரலை!"

பூங்கோதை பார்த்தாள். விரலைப் பிய்த்து எடுத்தாள். தோலில் கொஞ்சம் தவாவோடு நின்றுவிட்டது.

"தர்த் நஹீ ஹோத்தா?" வலிக்கவில்லையா என்று கேட்டாள் பீபீஜி. குரல் இறங்கிப்போயிருந்தது.

"நஹீ, பீபீஜி."

உண்மையைத்தான் சொன்னாள். அன்றைக்கே அந்த வீட்டை விட்டு அனுப்பினார்கள். அவள் பிசைந்த மாவைத் தெருப் பசுவுக்குப் போட்டார்கள். பசு தின்றது.

நான் அப்போது ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மாணவி. கை கால் விளங்காதவர்களுக்கு வேலை செய்யும் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருகிற படிப்பு. ஆஸ்பத்திரியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'எக்சர்சைஸ் ரூம்' என்பார்கள். அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கழுவத் தோன்றுகிறது. நூறு பேர் பிசைந்து சாம்பல் நிறமாகிவிட்ட களிமண். உருக்கிய மெழுகுத் தொட்டியில் மிதக்கும் தோல் செதில்கள். வியர்வையில் ஊறிப் பிசுபிசுத்த மரக் குச்சிகள். அங்கேதான் 1981 நவம்பரில் பூங்கோதை வந்து உட்கார்ந்தாள், கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு.

திண்டிவனம் பக்கத்து ஊர். கல்யாணமாகி டில்லிக்கு வந்து ஒன்பது வருஷம். புருஷன் பச்சைமுத்துவுக்குச் சாக்கடை அள்ளும் கான்ட்ராக்ட் வேலை. தமிழ்க்காரர்கள் கூடியிருந்த மதராசி கேம்ப்பில், பாராபுல்லா நாலா என்கிற பெரிய சாக்கடையை ஒட்டி ஒரு ஜுக்கி, அதாவது குடிசை. ஜங்புராவில் ஆறு வீடுகளில் வேலை. அதில் ஐந்து பாத்திரமும் துணியும். பீபீஜியின் சோப்ரா வீட்டில் மட்டும் அடுக்களைக்குள் போய் மாவு பிசைந்து ரொட்டி போடும் உரிமை இருந்தது. கேம்ப்பில் அது பெரிய விஷயம். ஜூலை மழையில் ஏதோ ஒரு வீட்டு ஜன்னலைத் துடைக்கும்போது கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் இறங்கியது, சுண்டுவிரல் பக்கமாக. ஏதோ ஓர் அவசரப் பிரிவில் எட்டுத் தையல் போட்டு ஓர் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். அடியில் அறுந்துகிடந்த நரம்பை யாரும் பார்க்கவில்லை.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மெல்ல மடங்க ஆரம்பித்ததும் பக்கத்துப் போகல் கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அமுக்கு, பலம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அவள் சும்மா விடுகிற ஆள் இல்லை. பஸ் ஸ்டாப்பில் அமுக்கினாள், குழாயடியில் அமுக்கினாள், பச்சைமுத்து பேசிக்கொண்டிருக்கும்போதும் அமுக்கினாள். மூன்று மாதத்தில் அந்த இரண்டு விரல்களும் பருந்தின் நகம் மாதிரி உள்ளங்கையைப் பார்த்துக் கொக்கி போட்டுக்கொண்டன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்தது.

பிரிவுத் தலைவி லீலாவதி மேடம், பிடியை அளக்கும் கருவியைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் பாதிக்கு மேல் ஏறியது. பிறகு மேஜைமேல் ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டு எடுக்கச் சொன்னார். பொத்தான் மேஜை முழுக்க ஓடியது. பூங்கோதை வியர்த்துவிட்டாள்.

"பலம் இருக்கு. கைதான் இல்லை" என்றார் மேடம். "விரலை நிமிர்த்துற சின்னத் தசையெல்லாம் செத்துப்போச்சு. இவ மடக்கற தசைக்கே தீனி போட்டுண்டிருக்கா. எதிராளி இல்லாத குஸ்தி. பந்தைத் தூக்கிப் போடச் சொல்லு."

நான் சொன்னேன். பூங்கோதை என்னை முறைத்தாள். "மூணு மாசமா உசிரக் குடுத்து அமுக்கியிருக்கேன். தூக்கிப் போடுன்னு சுளுவா சொல்றியேம்மா."

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மறுபடி சோப்ரா வீட்டு அடுக்களைக்குள் போகவேண்டும். "பாத்ரூம் கழுவ எந்த வீட்டுலயும் கூப்புடுவான். மாவு பிசைய வெச்சிருந்தா பாரு, அவ என்னை மனுஷியா வெச்சிருந்தா."

அவளுக்கு உதவுவதாக நினைத்து நான் ஒரு காரியம் செய்தேன். தமிழும் இந்தியும் படித்த திமிர்தான், வேறென்ன? 'இவருக்குக் குஷ்டம் கிடையாது, மணிக்கட்டில் நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது' என்று அழகான இந்தியில் ஒரு சீட்டு எழுதி, மேடத்திடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். பீபீஜி குஷ்டம் என்கிற சொல் வரைக்கும் படித்தாள். ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் பாக்கி ஐந்து வீடுகளும் போயின. சீட்டைக்கூட இடுக்கியால் பிடித்துத்தான் திருப்பிக் கொடுத்தாளாம்.

அடுத்த வாரம் பூங்கோதை அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்தாள்.

மேடம் சொன்ன வழி இன்னும் மோசம். நல்ல விரல் ஒன்றை மடக்குகிற தசைநாணை எடுத்து, பிரித்து, மடங்கிய விரல்களுக்கு மாற்றித் தைக்கிற ஆபரேஷன் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒன்று நடந்தால் அதிகம். வாரத்துக்கு நாலு செய்து கை பழகிய சர்ஜன் ஒருவர் இருந்தார். யமுனைக்கு அந்தப் பக்கம், குஷ்டரோக ஆஸ்பத்திரியில். இந்த மாதிரிக் கைகள் அங்கேதானே குவிந்து கிடக்கின்றன?

இதை அவளுக்குப் புரியும்படி சொல்லவேண்டியவள் நான். சொன்னேன்.

பூங்கோதை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "தூ! அந்தக் கூட்டத்துலயா? சீழ் ஒழுகிக்கினு, மூக்கு இல்லாம... அவங்க படுத்த கட்டில்ல நான் படுக்கணுமா? இன்னாத்துக்கு? அதுக்கு இந்தக் கையை வெட்டிப் போட்டுட்டுப் போறேன்!"

பத்து நாளில் அவளே வந்தாள். பச்சைமுத்துதான் மனதை மாற்றியிருக்கிறான். "பேரு போயிட்டுது. கையாச்சும் வரட்டுமே கழுதை" என்றானாம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க ஊருக்குப் போகிறாள் என்று கேம்ப்பில் சொல்லிவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு யமுனையைத் தாண்டினாள்.

மேடம் என்னையும் வேலை கற்றுக்கொள்ள வாரம் இரண்டு நாள் அங்கே அனுப்பினார். ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கட்டு. கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான வேலை. இத்தனை நாள் நடுவிரலை மடக்கிய தசை, இனிமேல் பக்கத்து விரல்களை நிமிர்த்தவேண்டும். தசைக்கு அது தெரியாது. மூளைக்கும் தெரியாது. கையைச் சாய்ப்புக் கூரை மாதிரி, விரல் முட்டியை மட்டும் மடக்கி விரல்களை நேராக வைத்துப் பிடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, பலம் கொடுக்காமல். பலம் கொடுத்தால் தைத்தது பிய்ந்துவிடும்.

பலம் கொடுக்காதே என்பதுதான் பூங்கோதைக்கு வரவில்லை.

பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்காரவைக்கப்பட்டவள் சாந்தகுமாரி. குடியாத்தத்துக்காரி. நோய் குணமாகி ஆறு வருஷம் ஆகியும் அழைத்துப்போக ஆள் வராததால் அங்கேயே இருந்தாள். இடது கையில் விரல் நுனிகள் இல்லை. வலது கை, ஆபரேஷனுக்குப் பிறகு, என் கையைவிட ஒழுங்காக வேலை செய்தது. பூங்கோதை முதல் நாள் பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்தாள். அந்த முந்தானையை என்ன செய்வதென்று தெரியாமல் பிறகு விழித்தாள்.

"இன்னாம்மே, பயமா?" என்றாள் சாந்தகுமாரி. "ஒட்டாது. ஒட்டுற மாதிரி இருந்தா இந்நேரம் டாக்டருங்கள்லாம் எங்கூட ரயில்ல பாடிப் பிச்சை எடுத்துக்கினு இருப்பாங்க."

"எனக்கு அந்த வியாதி கிடையாது. கண்ணாடி வெட்டு."

"வாடி ராசாத்தி. எனக்கும் மொதல்ல கண்ணாடி வெட்டுன்னுதான் எங்க மாமியாகிட்ட சொன்னேன்."

பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கற்றது அவளிடம்தான். எங்கள் பாடப் புத்தகம் அரைப் பக்கத்தில் சொன்னதைச் சாந்தகுமாரி ஒரே வரியில் சொன்னாள்: "தூங்கற கொழந்த தலையைத் தாங்கற மாதிரி வெச்சுக்கோ. அமுக்கினா அது அழும்." மூன்றாவது வாரம் பூங்கோதையின் சுண்டுவிரல் முதல் தடவையாக நிமிர்ந்தது. பூங்கோதை அழுதாள். சாந்தகுமாரி விரல் நுனியில்லாத இடது கையை வலது கையோடு சேர்த்துத் தட்டினாள். அந்தச் சத்தம் ஈரத் துணியைக் கல்லில் போட்ட மாதிரி கேட்டது. நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

விரல் நிமிர்ந்தது, உணர்ச்சி வரவில்லை. அறுந்த நரம்பு அறுந்ததுதான். சூடு, குத்து, வெட்டு எதுவும் சுண்டுவிரலுக்குத் தெரியாது, தினமும் கண்ணால் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூங்கோதை இடிந்து உட்கார்ந்தாள். "பீபீஜி கையைப் பார்த்து மயங்க மாட்டா. ஊசி வெச்சுக் குத்துவா, வலிக்கலேன்னா குஷ்டம்தான்னுடுவா. அவ நாத்தனா ஊட்டுல ஒருத்திக்கு அப்படித்தான் பண்ணாங்க."

"கண்ணை மூடச் சொல்லுவா" என்றாள் சாந்தகுமாரி, ஊர் வழி சொல்வது போல. "எல்லாரும் அதான் பண்ணுவாங்க. வளையல் போடுவாளா உன் பீபீ?"

"ரெண்டு கையிலயும் கண்ணாடி வளையலு, டஜன் கணக்குல."

"அப்புறம் இன்னா? குத்தறதுக்குக் கையை ஓங்குவா, வளையல் எறங்கும். குத்தினதும் நிக்கும். நின்ன உடனே கத்து. முன்னாடி கத்தாத, கள்ளின்னு தெரிஞ்சிரும்."

அன்றிலிருந்து முந்நூறு தடவை கூரைப் பிடிப்புக்குப் பிறகு, இன்னொரு பயிற்சியும் நடந்தது. அது எந்த ரெஜிஸ்தரிலும் ஏறவில்லை. சாந்தகுமாரி எங்கிருந்தோ எட்டு வளையல் வாங்கி மாட்டிக்கொண்டாள். பூங்கோதை கண்ணை மூடி உட்காருவாள். சேப்டி பின் இறங்கும். சில நாள் சும்மா வளையலை ஆட்டுவாள், குத்தமாட்டாள். பூங்கோதை "ஆ" என்பாள். "செத்தே, போ!" என்று பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். விரல் முழுக்கப் புள்ளி புள்ளியாய் ரத்தம். கைக்கு உயிர் கொடுக்கும் படிப்புப் படிக்க வந்தவள் நான். வலி இல்லாதவளுக்கு வலிப்பதுபோல் நடிக்கச் சொல்லித் தருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு.

மார்ச் மாதம் பூங்கோதை சோப்ரா வீட்டு கேட்டில் போய் நின்றாள். ஊரில் சாமி சரிபண்ணிவிட்டது என்று கையை நீட்டினாள். பீபீஜி இந்த நாலு மாதத்தில் மூன்று ஆட்களை மாற்றி, மூன்று பேர் போட்ட ரொட்டியையும் தின்று நொந்துபோயிருந்தாள். கையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, துப்பட்டாவில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள்.

"ஆங்க் பந்த் கர்."

பூங்கோதை கண்ணை மூடினாள். இதை என்னிடம் சொல்லும்போதும் மூடிக்கொண்டாள். "வெளிய ஸ்கூட்டர் ஒண்ணு போவுது. டமடமன்னு. வளையல் சத்தமே காதுல உழல. மாரியாத்தா, போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஸ்கூட்டர் அந்தாண்ட போச்சு. ஜல்லுன்னு ஒரு சத்தம். நின்னுச்சு. ஐயோன்னு ஒரு கத்து கத்தினேன் பாரு, பக்கத்து ஊட்டு நாய் குலைச்சுது!"

பீபீஜிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரத்தம் பட்ட பின்னைத் துடைத்து, திரும்பத் துப்பட்டாவிலேயே குத்திக்கொண்டாள். உட்காரவைத்து டீ கொடுத்தாள். "உன் மேல் எனக்குச் சந்தேகமே இல்லைடி, என் வீட்டுக்காரர்தான் அப்படி" என்றாள். அதோடு, பாலத்தடியில் உட்காரும் பெருவியாதிக்காரர்களைப் பற்றி, அவர்களைச் சுட்டுத் தள்ளினால்தான் டில்லி உருப்படும் என்றாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்க பீபீஜின்னேன். வேற இன்னா சொல்லுவேன்? பாத்தாலே குமட்டுதுன்னேன்." பிறகு, "நெஜமாவும் குமட்டத்தானே செய்யுது" என்றாள்.

இதைச் சொன்ன அன்று அவள் எங்கள் அறைக்குக் கடைசி அளவு பார்க்க வந்திருந்தாள். பிடியளவு பந்து அமுக்கிய நாட்களைவிடக் குறைந்திருந்தது. பொத்தானை ஒரே எடுப்பில் எடுத்தாள். மேடம் நோட்டில் 'திருப்தி' என்று எழுதினார்.

கிளம்பும்போது நான் கேட்டேன். "சாந்தகுமாரிக்குச் சொல்லி அனுப்பினீங்களா? வேலை கிடைச்சதை?"

அவள் முகம் சட்டென்று கோணியது. "அவளுக்கா? அங்க நான் மறுபடி எதுக்கம்மா போறேன்? யாராச்சும் பாத்தா? ரெண்டு மாசம் அவ எதிர்ல உக்காந்தேன். தெனம் டம்ளர்ல தண்ணி மொண்டு நீட்டுவா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாங்கிக் குடிச்சிருப்பேனா? கேட்டுப் பாரு." அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். பத்தினி சத்தியம் செய்வது போல.

கேட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வாரம் இரண்டு நாள் அதே டம்ளர் எனக்கும் நீண்டது. தாகமில்லை என்று சொல்லிவிடுவேன். டில்லி மே மாதத்தில்கூட அப்படித்தான் சொன்னேன்.

பூங்கோதை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மாவு ஊறவைக்கவேண்டும், பீபீஜி ஏழு மணிக்குச் சாப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே வேகமாக வராந்தாவில் இறங்கி நடந்தாள். வலது கையை வீசி நடந்தாள், முந்தானைக்கு வெளியே.