தாராளமா ஊத்துங்கம்மா

தரை துடைக்கும் மாப்பின் தலையில் தடித்த பாலிதீன் பையைச் சுற்றி, சைக்கிள் டியூப் வாரால் இறுக்கிக் கட்டிய கட்டை ஒன்று எங்கள் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் இன்னும் சாய்ந்து நிற்கிறது. கட்டியவர் என் மாமனார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அவர் போட்ட கட்டு தளரவில்லை. தூக்கி எறியலாம் என்று எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். எடுத்த கையோடு அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன்.

மாமா ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது நாகல் நகரில் எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். சிமெண்டுத் தொட்டியின் உட்சுவரில் பெயிண்டால் பத்துக் கோடுகள் போட்டு வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு கோடுதான் இறங்கலாம். கழிப்பறைக்கு நல்ல தண்ணீர் கிடையவே கிடையாது. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அரிசி களைந்த தண்ணீரையும் வாளியில் பிடித்து வைத்து, அதில் ஒரு செம்பு ஊற்ற வேண்டும். "தேங்காய் நாரும் பருக்கையும் அதோட போகுது மாமா, அடைச்சுக்கிரும்" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "ஒரு செம்பு போதும்த்தா. பூராத் தண்ணியையும் கக்கூஸுலயா கொட்டுறது?" என்பார்.

அடைத்துக்கொண்டது. அதுவும் எந்த நாளில்? நாத்தனாரைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில். அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நாலு வரன் வந்து போயிருந்தது. இது ஐந்தாவது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சர்க்கரை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் பாத்ரூம்தான் கேட்பார் என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சர்ச்சில் பூசை முடிந்து பதினொரு மணிக்கு வருகிறார்கள். எட்டரைக்குக் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நிற்கிறது! பிளம்பருக்குப் போன் போட்டால், "ஊர்ல இல்லைக்கா, நாளைக்கு வாரேன்" என்றார். என் கணவர் பூசைக்குப் போயிருந்தார், அப்படியே பஸ் ஸ்டாண்டில் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டுதான் வருவார்.

மாமா அசரவில்லை. கட்டையைக் கட்டினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தினார். தண்ணீர் மெல்ல வடிந்தது, அடைப்பு அசையவில்லை. குத்தக் குத்த ஒரே வேகத்தில் வாளி வாளியாக ஊற்றினால்தான் தள்ளும் என்று தலையால் அடித்துக்கொண்டேன். அவரோ அரைச் செம்பு, அரைச் செம்பாக ஊற்றினார். "ரெண்டு கோடுதான்த்தா இருக்கு. நாளான்னைக்குத்தான் குழாய் வரும்." இப்படியே மணி பத்தாகிவிட்டது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு.

பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து நின்ற நாத்தனார் வாசலில் வந்து எட்டிப் பார்த்தாள். "விடுங்க மதினி. வர வேணாம்னு போன் பண்ணிச் சொல்லிருங்க" என்றாள். சொல்லிக்கொண்டே தலைப் பூவை உருவப் போனாள்.

மாமா அவளை நிமிர்ந்து பார்த்தார். கட்டையை என் கையில் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குப் போனார். நிறைந்த வாளியோடு வந்தார். அவர் ஊற்ற, நான் குத்தினேன். ஆறாவது வாளியில் குபுக்கென்று ஒரு சத்தம். தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. கட்டையோடு ஒரு உருண்டை தேங்காய் நார் மேலே வந்தது. அதைப் பார்த்துவிட்டு மனிதர் கேட்கிறார், "இத யாரு இதுக்குள்ள போட்டது?" ஆண்டவரே! அந்தக் கட்டையாலேயே ஒன்று வைத்திருப்பேன், மாமனாராகப் போய்விட்டார்.

பதினொன்றுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்காரக்கூட இல்லை, "பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்றார். தொட்டியில் மிச்சமிருந்ததை வழித்தெடுத்த கடைசி வாளியை மாமாவே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். "தாராளமா ஊத்துங்கம்மா. நம்ம வீட்ல தண்ணிக்குப் பஞ்சமே இல்ல!" பத்துக் கோடும் காய்ந்து கிடந்தன. அடுத்த இரண்டு நாளும் எதிர் வீட்டிலிருந்து குடத்தில் சுமந்தவர் அவர்தான்.

இப்போது போர் போட்டாயிற்று, குழாயைத் திறந்தால் தண்ணீர். போன வாரம் நாத்தனார் வத்தலக்குண்டிலிருந்து வந்து நாலு நாள் இருந்தாள். வந்ததும் வராததுமாகப் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு வாளியை வைத்தாள். நாலாம் நாள் அடைத்துக்கொண்டது. "உங்கப்பாவ அப்படியே உரிச்சு வச்சிருக்கியேடி!" என்று கத்திக்கொண்டே கட்டையை எடுத்தேன். அவள் சிரித்தபடி வாளியைத் தூக்கி வந்தாள். பாதி ஊற்றிவிட்டுக் கை நின்றுவிட்டது.

"அன்னைக்கு அப்பா தொட்டியவே காலி பண்ணிட்டாருல்ல மதினி" என்றாள்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாகத்தான் இருந்தது. அந்த மனிதர் பக்கத்தில் நின்று கோடு கணக்குச் சொல்ல மாட்டாரா என்றும் இருந்தது. அடைப்பு எடுத்ததும் கட்டையைக் கழுவிக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, கழுவ நானும் ஒரு செம்புத் தண்ணீர்தான் எடுத்திருந்தேன்.