இடது பின் டயர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே "போங்கய்யா, வேலையைப் பாருங்க" என்று எழுந்து போகிற ஆள் நான். சுடுகாட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்திக் குறட்டை விட்டவன். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இது நடந்தது.

அறுபதுகளின் ஆரம்பம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் ஐயாவிடம் டிரைவராக இருந்தேன். ஊர் சுற்றுவதற்கென்றே அவர் ஒரு வேன் கட்டியிருந்தார். உள்ளே படுக்கைப் பலகை, ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் உண்டு, ஓடுகிற வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சம்சாரம் காலமானதும் ஆசை விட்டுப்போய், வேன் வருஷக்கணக்கில் கொட்டகையிலேயே நின்றது. அதற்குள் என் மனைவி ஞானமும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. தென்னூர் வீட்டில் எனக்கு மட்டும் உலை வைக்க மனசு வராமல், பன்னும் டீயுமாகப் படுத்த நாட்கள் நிறைய. தனிமை ஆளைத் தின்றுவிடும், பட்டவனுக்குத்தான் தெரியும்.

ஞானத்தின் அப்பா சைக்கிள் கடைக்காரர். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் அவள் சும்மா இருக்க மாட்டாள், ஒரு கட்டையை எடுத்து வண்டியின் டயர்களைத் தட்டிப் பார்ப்பாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு. காற்று குறைவென்றால் சத்தமே சொல்லிவிடும். வெயிலில் டயர் வெடிக்காமல் இருக்கக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவது அப்போது எங்கள் டிரைவர்மார் வழக்கம். அதற்குச் சண்டைக்கே வருவாள்.

"காத்து கொறைஞ்சா டயரு மடங்கி மடங்கித்தாங்க சூடாகுது. சொன்னா கேட்டாத்தானே!"

நான் எங்கே கேட்டேன்!

ஓர் ஆனி மாதம் ஐயா தன் மகளையும் பேத்தி கோதையையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் கிளம்பினார். டயர்கள் பார்க்கப் புதுசாகத்தான் இருந்தன. டிரம், அரிசி மூட்டை எல்லாம் இடது பக்கமே ஏறின. வெயிலைப் பார்த்து, வழக்கம்போல் நானும் காற்றை இறக்கினேன். எடமலைப்பட்டி புதூரெல்லாம் தாண்டி மதுரை ரோட்டில் வெகுதூரம் போயாயிற்று. உச்சிவேளை, ரோட்டில் ஈ காக்கை இல்லை. குழந்தை இடது பின் சக்கரத்துக்கு மேலே இருந்த பலகையில் படுத்திருந்தாள்.

அப்போது கேட்டது. இரண்டு தட்டு, நிறுத்தி இன்னொரு தட்டு. ஓடுகிற வண்டியில், இடது பின் டயரில், நம்பினால் நம்புங்கள். பிரமை என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. டயரைப் பார்த்துவிடலாமென்று ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கினேன்.

இறங்கிப் பார்த்தால் டயர் பக்கம் ஒருவரும் இல்லை. வெறும் ரோடு.

"என்னடா, ஏன் நிறுத்தினே?" என்று ஐயா கேட்டு வாய் மூடவில்லை, நின்ற இடத்திலேயே டயர் வெடித்தது. பலகை பிளந்து, குழந்தை தலை வைத்திருந்த தலையணை பஞ்சாகப் பறந்தது. மகள் குழந்தையை வாரிக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பிறகு பார்த்த மெக்கானிக் காரணம் சொன்னார். நின்று நின்றே வெடிப்பு விட்ட ரப்பர், ஒரே பக்கத்துப் பாரம், போதாத காற்று. எல்லாம் சரிதான், நான் மறுக்கவில்லை. தட்டினது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அங்கே மரத்தடியில், அழுகை ஓய்ந்ததும் கோதை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த மாமி ஏன் ஏறிக்கலை?"

"எந்த மாமிம்மா?"

"டயரைத் தட்டிண்டு நின்னாளே, பச்சைப் புடவை. வெயில்ல நிக்கறேளே, ஏறிக்கோங்கோன்னேன். அவரே கூப்பிடட்டும்னுட்டா."

ஐயா பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல், அந்த நட்டநடு ரோட்டில் நின்று "ஞானம், ஏ ஞானம், வா ஏறிக்கோ" என்று தொண்டை வற்றக் கத்தினேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று அவர்கள் எனக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாதது பயமில்லை. நான் கூப்பிட்டபோது அவள் போய்விட்டிருந்தாளா, இல்லை பக்கத்திலேயே நின்றும் எனக்கு மட்டும் தெரியவில்லையா? அதைக் குழந்தையிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் வரவில்லை.