‘என்னங்க’ என்றொரு பிளக்

என் அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘ம்’. முதலாளி திட்டினாலும் ம், சம்பளத்தைக் கூட்டினாலும் ம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வளர்த்திருக்க வேண்டும்.

அச்சு இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று நின்று காதும் பாதி போய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் பேசினால் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆனால் அடுப்படியிலிருந்து அக்கா “என்னங்க” என்றால் மட்டும் அந்தக் காது எப்படியோ திறந்துகொள்ளும். கூடத்திலிருந்து “ம்” என்று பதில் வரும். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே இருவரும் குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைக் கட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா நர்ஸ். ஹெட் நர்ஸ் ஆக வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. போன வருடம் அது கிடைத்தது, ஆனால் வேறு ஊரில். இவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தபோது மாமா எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்து வந்து அவளுடைய புடவைகளை அடுக்க ஆரம்பித்தார். “போ” என்றார். அவர் செய்த மிக நீளமான பிரசங்கம் அதுதான்.

போகிறவள் சும்மா போகவில்லை. மின்சாரப் பெட்டிக்குள் வீட்டின் மொத்தக் கரண்டையும் அளக்கிற, தனி சிம் கார்டில் ஓடுகிற கருவியைப் பொருத்த வைத்தாள். கூடவே இரண்டு ஸ்மார்ட் பிளக். கூடத்து விளக்குக்கு ஒன்று, டீ போடும் கெட்டிலுக்கு ஒன்று. டியூட்டி முடிந்து விடுதி அறைக்கு வந்ததும் அங்கிருந்தே போனில் தட்டுவாள். இங்கே விளக்கு எரியும். மாமா கெட்டிலைப் போடுவார். அங்கே அவள் போனில் கரண்ட் அளவு எகிறும். விளக்குப் பிளக்குக்கு அவள் வைத்த பெயர் ‘என்னங்க’. கெட்டிலுக்கு ‘ம்’.

“மெசேஜ் அனுப்பினா போதாதா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டீங்களானு மெசேஜ் போட்டா, பட்டினி கிடந்தாலும் சாப்பிட்டேன்னுதான் வரும்டி. கெட்டில் பொய் சொல்லாது” என்றாள். போன மழைக்காலத்தில் காய்ச்சலோடு வேலைக்குப் போய்வந்து, அதை அவளிடம் மறைத்த மனிதராயிற்றே!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மாமா புது ரௌட்டர் வாங்கும்வரை. அது வந்த அன்றே இரண்டு பிளக்கும் ஊமையாகிவிட்டன. மாமா அச்சகத்து வைத்தியத்தைக் கையில் எடுத்தார். அங்கே இயந்திரம் மக்கர் பண்ணினால் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்து, முழுசாக நிறுத்தி, துடைத்து, மறுபடி ஓட்டுவார்கள். பிளக்கிலும் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திப் பிடித்தார். பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, பிளக் பிறந்த குழந்தையாகிவிட்டது. நன்றாகத் துடைத்தும் வைத்தார், பாவம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த அக்கா எனக்குப் போன் செய்தாள். “வீட்டுல ஃப்ரிட்ஜ் மட்டும்தான்டி உயிரோட இருக்கு. கெட்டில் ஓடவே இல்ல. நல்லாத்தான் இருக்கேன்னு மெசேஜ் போடுறார், யாரு நம்புறது? பெரிய வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளைக்குக் காலையில எழுதிக் கொடுத்துட்டு வந்துடுறேன்.”

அவள் சொன்னால் செய்கிறவள். நான் ஓடினேன். மாமா ஸ்டூல்மேல் உட்கார்ந்து, படபடவென்று மினுக்கிக்கொண்டிருந்த பிளக்கை முறைத்துக்கொண்டிருந்தார். உதடு தெரியும்படி நின்று விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

“அவ வரக் கூடாது” என்றார். “எவ்வளவு ஆசைப்பட்ட வேலை. என்னால கெடக் கூடாது.”

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான்.

“எந்த பிளக் மேடம்? ஆப்ல அதோட பேரு சொல்லுங்க.”

“என்னங்க.”

“பிளக்கோட பேரு மேடம்.”

“அதாங்க, என்னங்க.”

“சொல்லுங்க மேடம், கேக்குது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “தம்பி, பேரே அதுதான்! இன்னொண்ணு ‘ம்’.”

“ம், சொல்லுங்க” என்றான் அவன்.

ஒருவழியாகப் புரிந்துகொண்டு, சிரிப்பை அடக்கியபடி விளக்கினான். ரௌட்டரில் வேகமான வைஃபை ஒன்று, மெதுவானது ஒன்று என்று இரண்டு உண்டாம். பிளக்குக்கு மெதுவானது மட்டும்தான் காதில் விழுமாம். புது ரௌட்டர் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து வைத்திருக்கிறது. பிரித்துவிட்டு, நம் போனையும் மெதுவான வைஃபையில் சேர்த்து, பிறகு பிளக்கைக் கூப்பிட வேண்டும். பிளக்கும் மாமாவும் ஒரே ரகம்தான். நிதானமாகக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவன் சொல்லச் சொல்ல நான் உதட்டசைக்க, மாமா ரௌட்டரில் பிரித்தார், சேர்த்தார். மினுக்கல் நின்று இரண்டிலும் வெளிச்சம் நிலையாக எரிந்தது. இனிப் பெயர் வைக்க வேண்டும்.

“பேசாம விளக்கு, கெட்டில்னே வச்சிடுங்க மாமா. அடுத்த தடவை என் மானமாவது மிஞ்சும்” என்றேன்.

தலையாட்டி மறுத்தார். முதல் பிளக்குக்கு ‘என்னங்க’ என்று ஒற்றை விரலால் தட்டினார். இரண்டாவதற்கு விரல் தயங்கி நின்றது. பிறகு என்னவோ தட்டிவிட்டுப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்குக் காட்டவில்லை.

சாயங்காலம் கூடத்து விளக்கு பளிச்சென்று எரிந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் போய்க் கெட்டிலைப் போட்டார். தண்ணீர் கொதிப்பதற்குள் என் போன் அடித்தது.

“யாருடி ‘ம்’மை மாத்தினது?” அக்காவின் குரல் கரகரத்தது.

“மாமாதான். என்ன வச்சிருக்கார்?”

“‘சொல்லும்மா’ன்னு இருக்கு.” கட்டிய நாளிலிருந்து அவள் ஒரே ஒருமுறை கேட்க ஆசைப்பட்ட பதில் அது.

“வேலையை விட்டுட்டு வர்றியா?”

“போடி. இங்க இருந்தாதானே இவர் பேசுறார்!”

விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கெட்டிலில் இன்னும் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கு நான் மட்டும் ஐந்து டீ குடித்தேன்.