கிதாபு உங்களிடம் எப்படி வந்தது?

போலீஸ்காரர்களும் நாங்களும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது உங்ககிட்ட எப்படி வந்தது?" புதுச்சேரியில் ஒரு பள்ளிவாசல் நூலகத்துக்கு முன்னோர் வக்ஃபாக, அதாவது யாரும் விற்கவோ சொந்தமாக்கிக்கொள்ளவோ கூடாதென்று, எழுதிவைத்த பழைய அரபுக் கிதாபுகள் யார் யார் கை மாறி வந்தன என்று விசாரித்துப் பதிவதுதான் என் வேலை. வேலைக்காக அடுத்தவர் வாசலில் கூசி நின்றவர்களுக்கு இது புரியும்.

டெய்லர் காதர் என்பவர் சாக்கு நிறையக் கிதாபுகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்ற கதை எனக்குக் காதில் விழுந்ததுதான். நூலகப் பொறுப்பாளர் ஹமீது பாய் சொன்னார். அவருக்கும் யாரோ சொன்னது.

முதல் நாள்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தப்பாக எழுதினால் வேலை போய்விடுமோ என்று எப்போதும் பயம். அரபு எனக்குத் தெரியாது. ஹமீது பாய் படிப்பார். அளவு, கறை, தையல் இவற்றை நான் குறிப்பேன். முதல் கிதாபுக்கு 'தண்ணீர்க் கறை, கறுப்பு நூலில் முரட்டுத் தையல்' என்று எழுதினேன். அடுத்ததும் அப்படியே இருந்தது. பிறகு 'மேற்படி' போட்டுக்கொண்டே போனேன். வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய கிதாபு ஒவ்வொன்றையும் நான் தமிழ்ப் புத்தகம்போலத் திறந்ததைப் பார்த்து ஹமீது பாய் சொன்னார்: "தம்பி, கடைசிப் பக்கத்துலேருந்து வர்றீங்க. முடிவு தெரிஞ்சுட்டா அப்புறம் விசாரணை எதுக்கு?"

பேனா

காதர் இப்போது இல்லை. அவர் மகள் மும்தாஜ் அக்கா நெல்லித்தோப்பில் இருக்கிறார். நான் போன நேரம், அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அது புரியாமல், வாசலில் நின்றபடியே சாக்கு விஷயத்தைக் கேட்டுவிட்டேன். கூடத்தில் இருந்தவர்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வெளியே வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எங்க அத்தாவத் திருடன்னு எழுதிக்க வந்தீங்களா? பேனா இருக்கா, இல்ல நான் தரவா?"

ஊசி

வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். நானும் நழுவப் பார்த்தேன். அக்கா விடவில்லை. துப்பட்டாவில் சுற்றிய ஒரு கிதாபைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

முன்பு ஒரு புயலில் நூலகத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது அவருடைய அத்தா காதர் நனைந்த கிதாபுகளைச் சாக்கில் கொண்டுவந்து, உலர்த்தித் தைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாராம். இது கடைசி. பாதித் தையலில் அவர் மவுத்தாகிவிட்டார். துருப்பிடித்த ஊசி, கறுப்பு நூலோடு இன்னும் அதிலேயே குத்தியிருந்தது. 'அப்போ மீதி?' என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே சொல்லிவிட்டார்: "இந்த ஒண்ணத் திருப்பிக் குடுக்க நூலகத்துக்குப் போனேன் தம்பி. மீதி எங்கன்னு கேட்டாங்க. அப்படியே எடுத்துகினு வந்துட்டேன்."

மறுநாள் நூலகத்துப் பீரோவைத் திறந்து சரிபார்த்தேன். கறை பட்ட எல்லாக் கிதாபிலும் அதே கறுப்பு நூல், அதே இரட்டை முடிச்சு; அவற்றுக்கு நேரே என் கையெழுத்தில் 'மேற்படி, மேற்படி'. யாரையும் கேட்காமலே தெரிந்துகொண்டிருக்கக்கூடிய ஒன்றை, பெண் பார்க்க வந்தவர்கள் காதுபடக் கேட்டுவிட்டு வந்ததுதான் இதுவரை நான் செய்த ஆராய்ச்சி.