கையில் எழுதிய மணி

பத்துப் பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். அஞ்சாவதோடு படிப்பும் நின்றுவிட்டது. ஆனால் மணி பார்க்கத் தெரியும், எண் எழுதத் தெரியும். ஒருவரைப் பழிவாங்க எனக்கு அது போதுமாக இருந்தது.

என் தங்கையைக் காய்ச்சலோடு கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பிளேட்லெட் குறைகிறதா என்று பார்க்க, காலை எட்டு மணிக்கு நர்ஸ் ரத்தம் எடுத்தாள். நானே குழாயைக் கொண்டுபோய் லேப்பில் கொடுத்தேன். அங்கிருந்தவர் அதை ட்ரேயில் செருகினார். பத்து மணிக்குப் போய் நின்றேன். பன்னிரண்டுக்கும் போய் நின்றேன்.

"இன்னா பெரியம்மா, சும்மா சும்மா வந்துக்கினு? ஒரு குழாய்க்கெல்லாம் மிஷின் போட முடியாது. ட்ரே ரொம்பட்டும்" என்றார் அந்த லேப்காரர்.

ரிசல்ட் சீட்டு கைக்கு வந்தபோது மணி மூன்று. அதைப் பார்த்த டாக்டர், "காலைலயே இது வந்திருந்தா அப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சிருப்பனேம்மா" என்றார். விழுப்புரம் போகிற வழியில், ஆம்புலன்ஸிலேயே, என் விரலைப் பிடித்தபடி அவள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கையின் வீட்டுக்காரர் லேப்புக்குப் போய்க் கேட்டார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ரத்தமே பதினோரு மணிக்குத்தான் வந்துது. எட்டு மணின்னு எங்க எழுதியிருக்குது, காட்டுங்க" என்றார் லேப்காரர்.

எங்கும் எழுதியிருக்கவில்லை. குழாயில் பெயரும் வயதும் மட்டும்தான். கொடுத்தவள் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கூச்சத்துக்காக என்னையே நான் மன்னிக்கவில்லை. அவரையா மன்னிப்பேன்?

எனக்குச் சர்க்கரை உண்டு. மாதம் ஒருமுறை வெறும் வயிற்றோடு அதே லேப்புக்குப் போக வேண்டும். அடுத்த தடவை ஒரு பேனா கொண்டுபோனேன். ரத்தம் எடுத்துப் பஞ்சு வைத்ததும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முன்கையில் 8.10 என்று எழுதினேன். பக்கத்தில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆயா, பச்சை குத்திக்கிறியா?"

"ரத்தம் குடுத்த மணி. மறக்கக் கூடாதில்ல."

"அப்ப எனக்கும் எழுது. மூணு மணி பஸ்ஸ வுட்டா மலைக்குப் போவ முடியாது. போன தபா சீட்டு வாங்காமயே போனேன்."

அவளுக்கு எழுதினேன். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கை நீட்டினார்கள். "நல்லா அழுத்தி எழுதும்மா, வேர்த்தா அழிஞ்சிடப் போவுது" என்றார் ஒரு கிழவர். அதற்கடுத்த மாதமும் வந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன்.

மூன்றாவது மாதம்தான் நான் காத்திருந்த நாள் வந்தது. பகல் ஒன்றரை மணிக்குப் பெரிய டாக்டர் அந்தப் பக்கம் வந்தார்.

"ஏன் இவ்ளோ பேர் ஒக்காந்திருக்காங்க?"

"எல்லாம் பன்னண்டு மணிக்கு மேல ரத்தம் குடுத்தவங்க சார்" என்றார் லேப்காரர்.

அதே பொய். எழுந்துபோய் டாக்டர் முன்னால் கையை நீட்டினேன். 8.05. எனக்குப் பின்னால் இன்னொரு கை நீண்டது. 8.20. பிறகு பெஞ்சிலிருந்த அத்தனை கைகளும். டாக்டர் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ட்ரேயைப் பார்த்தார். பாதிகூட நிரம்பவில்லை. லேப்காரர் முகம் வெளுத்துப்போனதை நான் வயிறு நிறையப் பார்த்தேன். பெஞ்சை விட்டு நகராமல் காலையிலிருந்து பட்டினி கிடந்ததே மறந்துபோனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயிலும் லேப்காரர் மணி எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. என் குழாயை மட்டும் குனிந்து படித்துப் பார்ப்பேன். அஞ்சு நிமிடம் தள்ளி எழுதினாலும் விரலால் தட்டிக் காட்டுவேன். அடித்துத் திருத்துவார்.

போன வருடம், பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "பெரியம்மா, ஒங்க தங்கச்சி விசயத்துல நான் பண்ணது தப்புதான். மனசுல வெச்சிக்காதீங்க. மன்னிச்சிடுங்க."

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ட்ரே ரொம்பட்டும் தம்பி" என்றேன்.