வெர்லினின் மூன்று மூச்சு

மேல் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வெர்லின் ஸ்டோக்கா துப்பாக்கி சுடக் குப்புறப் படுப்பார். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் துப்பாக்கியின் பின்வாயில் ஒரு பித்தளைக் குழலைச் செருகி மூன்று முறை ஊதுவார். கருமருந்தின் கரி மூச்சின் ஈரத்தில் இளகினால்தான் அடுத்த குண்டு நேராகப் போகும். பல்செட் இருந்தால் குழலில் கடகடவென்று இடிக்கிறதாம். "பல்லு திங்கறதுக்கு. சுடறதுக்கு மூச்சு போதும்," என்பார் பொக்கை வாயோடு.

மஸல்ஷெல் ஆற்றுக்கு மேலே எங்கள் துப்பாக்கி சுடும் மைதானத்தில் இருபது வருஷமாக நான் புள்ளி எழுதுகிறேன். ஆயிரம் கஜத்தில் இலக்காக நிற்கும் இரும்பு எருமையை அவரளவு அடித்தவர் இல்லை. குண்டுக்குப் பூச ஆட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் அவரே பிசைவார். அந்த வாசனைக்கு ஊர் நாய்களெல்லாம் காப்பிக் கடைவரை அவர் பின்னால் போகும்.

தொழில், துப்பாக்கிக் குழாயில் தோட்டா உட்காரும் அறையை லேத்தில் குடைவது. அறை முடிந்து குழாய் தொடங்கும் இடத்தை இங்கே தொண்டை என்பார்கள். கொழுப்புப் பூசிய பருத்த குண்டுக்கு நீளமாகச் சரியும் தொண்டை வேண்டும். காகிதம் சுற்றிய ஒல்லிக் குண்டுக்குக் குட்டையாக, இறுக்கமாக வேண்டும். இதை மாற்றிக் குடைந்தால் துப்பாக்கி பாழ். அதனால் யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "என்ன குண்டு?" சொன்னபடி நூலிழை பிசகாமல் குடைந்து கொடுப்பார்.

ஆர்லோ பெக்வித்துக்கு மட்டும் அப்படிச் செய்யவில்லை. ஆர்லோ முப்பது வருஷக் கூட்டாளி. இவர் சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தூரநோக்கியில் காற்றைப் பார்த்துச் சொல்பவர். ஆர்லோவின் கண்ணின் நடுப்பகுதி கருத்துக்கொண்டு வருகிறது, பார்வை இன்னும் ஒரு கோடைக்குத்தான் என்று பில்லிங்ஸ் நகரத்து டாக்டர் கைவிரித்தபோது கூட இருந்ததும் வெர்லின்தான். அந்தக் கடைசிக் கோடைக்குக் காகிதக் குண்டு சுட ஆசைப்பட்டுப் புதுக் குழாய் கொண்டுவந்தார் ஆர்லோ.

"காகிதம் கடுதாசி எழுதத்தான்டா லாயக்கு," என்றார் வெர்லின்.

"நீ குடைஞ்சு குடு, போதும்."

குடைந்தார். கொழுப்புக் குண்டுக்கான தொண்டையை.

மே மாதம் ஆர்லோவின் குண்டுகள் கோணிக்கொண்டு போயின. காகிதம் வளையமாகக் கிழிந்து தொண்டையிலேயே தங்கியது. பத்துக்கு இரண்டுதான் எருமையில் பட்டது. ஜூனில் ஆர்லோ தொண்டையின் அளவைப் பார்க்கத் தோட்டா அறைக்குள் கந்தகத்தை உருக்கி ஊற்றி அச்செடுத்தார். அந்த மஞ்சள் அச்சைக் கொண்டுவந்து லேத்தின் மேல் வைத்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"நான் கேட்டது இதுவா வெர்லின்?"

"நாலு மாசத்துல நீயே கொழுப்புக்குத் திரும்பிருவேன்னு நெனச்சேன்."

"எனக்கு இருந்ததே அந்த நாலு மாசந்தான்டா."

குடைந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. புதுக் குழாய் வரச் செப்டம்பர் ஆயிற்று. அதுவரை தன் துப்பாக்கியைக்கூட ஆர்லோவுக்கு நீட்டவில்லை இந்த மனுஷன். அதில் கொழுப்புக் குண்டுதான் போகும், அதை நீட்டினால் வாதத்தில் இவரே ஜெயித்ததாகிவிடுமாம். அதைக் கேட்டு ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

வருஷத்தின் கடைசிப் போட்டியன்று மனைவி மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஆர்லோ வந்தார். வெர்லின் புதுக் குழாய் மாட்டிய துப்பாக்கியை அவர் கையில் வைத்தார். ஆர்லோ ஒரு காகிதக் குண்டைப் பின்வாயில் விட்டு, பென்சிலால் தொண்டைவரை தள்ளி, பென்சிலை மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"ஆடல. அளவா குடைஞ்சிருக்கே." துப்பாக்கியைத் திருப்பி நீட்டினார். "கண்ணு இருக்கறவனா பாத்துக் குடு."

மார்லிஸ் அவரை வண்டிக்கு அழைத்துப்போனாள். வெர்லின் பல்செட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பித்தளைக் குழலைச் செருகி, இன்னும் ஒரு வெடிகூட வெடித்திராத அந்தக் குழாய்க்குள் மூன்று முறை ஊதினார்.